மடங்க விடாத இரும்பு

ஒரே தட்டில் சோறு பிசைந்து, பெரிய உருண்டையை எனக்கும் சின்ன உருண்டையைத் தனக்கும் எடுத்துக்கொண்ட என் சேகர் அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், நம் சொந்தபந்தத்தில் எல்லோருமே கார் பொறியாளர்கள் என்பது. ஒத்தக்கடை வீட்டின் முன்னறையில் உன்னைக் கிடத்தியிருந்தோம். வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து மாலை வந்து சேர்வதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

"இப்ப வர்ற காரெல்லாம் சோப்பு டப்பா. கட்டைவிரல வச்சு அமுக்குனா உள்ள போகுது."

"அலுமினியமாம்ல. அலுமினியத்துல சட்டி செய்யலாம், காரு செய்யலாமாய்யா?"

"மாட்டு மருந்து வித்தவன மாடே கொண்டுபோயிருச்சு பாரேன்."

கடைசியாகச் சொன்னவனுக்கு நான்தான் டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றான்.

உன் கடைசி நிமிடத்தை உனக்கே சொல்வது அசட்டுத்தனம். ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தவன் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். மேலூரில் இரண்டு கடைகளில் மாட்டு மருந்துக்கு ஆர்டர் எடுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தாய். நாலுவழிச் சாலையின் நடுத்திட்டிலிருந்து ஒரு கன்றுக்குட்டி குறுக்கே இறங்கியது. பிரேக்கை மிதித்து இடதுபுறம் ஒடித்தாய். ஓரத்தில், ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கும் பெரிய இரும்புத் தூணில் கார் நேராக மோதியது. எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர்தான் முதலில் ஓடிவந்தார். "பெல்ட்டு போட்டிருந்தாரு தம்பி. காருக்குக்கூட ரொம்ப சேதமில்ல. மயக்கம்னுதான் நெனச்சேன்" என்றார். ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் நெஞ்சுக்குள்ளேயே ரத்தம் கசிந்து உன் உயிர் போய்விட்டது.

காருக்கு ரொம்ப சேதமில்லை. இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள், அண்ணே. எல்லாமே இதில்தான் இருக்கிறது.

நம் பெரியப்பாவை உனக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அதனால் உலகத்தில் சக்கரம் வைத்த எதைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது கிடையாது. அவருடைய பழைய ஜீப்பை உன் தலையில் கட்டப் பார்த்தார். நீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, மதினி ஆசைப்பட்ட அந்த வெள்ளைக் காரை, செகண்ட் ஹேண்டுதான் என்றாலும், வாங்கி வந்தாய். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பிறந்தவன் கார் வாங்கினான் என்பதைவிட, தன் ஜீப்பை வாங்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. அந்த வலிக்கு மருந்து உன் சாவில் கிடைத்தது.

"பொம்பள பேச்சக் கேட்டு தகர டப்பா வாங்குனான். வேற என்ன நடக்கும்? என் ஜீப்புல போயிருந்தா தூணுதேன் சாஞ்சிருக்கும்."

உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ரேவதி மதினியின் காதில் விழும்படிதான் சொன்னார். மதினி தலையை நிமிர்த்தவில்லை. உன் மகள் யாழினி நிமிர்ந்தாள். அவளுக்கு அப்போதுதான் கல்லூரியில் முதல் வருடம். பெரியவர்கள் தெரிந்துதான் பேசுவார்கள் என்று நம்பும் வயது.

பத்து நாள் கழித்து, காரைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சர்வேயர் வருவதாகச் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கார் நின்றது. நான் போனேன். கூப்பிடாமலேயே பெரியப்பாவும் வந்தார். காரின் முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பிக் கூண்டைத் தட்டிப் பார்த்தார். லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்ததே தவிர, கூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியாடா, இம்புட்டு இடிக்கும் இரும்பு நிக்குது. இரும்பு இரும்புதேன்" என்றார். ஏதோ அவர் பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப் போல.

வந்த சர்வேயர் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சும் டேப்புமாக மண்ணில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் பார்த்தார். பெரியப்பா என் காதில், "இதுக்கு என்ன தெரியும்" என்றார். அந்த அம்மா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்தக் கூண்டு யார் போட்டது?"

அண்ணே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? திருப்பரங்குன்றத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது, கேட்டும் கிரில்லும் போக கார்களுக்குக் கூண்டும் செய்கிறேன், இந்தக் கூண்டு என் அண்ணன் முதல் கார் வாங்கிய சந்தோஷத்தில் நானே அளவெடுத்து, நானே வளைத்து, நானே பற்றவைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"தெரியல மேடம். அண்ணே எங்கயோ போட்டிருக்கு."

கூண்டு நான் செய்தது என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற அல்ல. கூண்டில் குற்றம் இருக்க முடியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா என்னைக் குனியச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். "பம்பருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியப் பெட்டி தெரியுதா? மோதுனா இது ஆர்மோனியம் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா மடிஞ்சு நாலு விரக்கடைக்கு வந்துரணும். அதுக்குத்தான் வச்சிருக்காங்க. இது மடியவே இல்ல. அப்படியே புதுசா இருக்கு."

"ஏன் மடியல?" என்று கேட்டேன். பட்டறை வைத்திருக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? கூண்டின் கால்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியாதா?

"கூண்டோட கால் ரெண்டையும் இந்தப் பெட்டியத் தாண்டி, பின்னால இருக்கிற சட்டத்துல போல்ட்டு போட்டிருக்காங்க. நல்ல கெட்டியா போட்டிருக்காங்க. அதனால தூணு குடுத்த இடி பெட்டிக்கு வராம நேரா சட்டத்துக்குப் போயிருச்சு. சட்டத்துலேர்ந்து சீட்டு, சீட்டுலேர்ந்து மனுசன். ஏர்பேக், அந்தக் காத்துப் பையும் நேரத்துக்கு விரிஞ்ச மாதிரி தெரியல."

"அலுமினியந்தான மேடம், மெல்லிசு. அது என்னத்தத் தாங்கும்?" இது பெரியப்பா.

"தாங்குறதுக்கு வைக்கல அய்யா. மடியறதுக்கு வச்சிருக்கு. ஒரே எடைக்கு அலுமினியத்தையும் இரும்பையும் எடுத்துக்கிட்டா, ஒழுங்கா மடியற அலுமினியம் மோதுற வேகத்த ரொம்ப நல்லா தின்னும். நீங்க மாடியிலேர்ந்து குதிச்சா சிமெண்டுத் தரையில குதிப்பீங்களா, வைக்கப்போர்ல குதிப்பீங்களா? போர் அமுங்குதுன்னு அதத் திட்டுவீங்களா?"

பெரியப்பா வேறு பக்கம் பார்த்துக் காறினார். பதில் தெரியாதபோது அவருக்கு எப்போதும் தொண்டையில் ஏதாவது வந்துவிடும்.

நான் மெதுவாகக் கேட்டேன். "கூண்டு இல்லாட்டி அண்ணே பொழச்சிருக்குமா?"

அவர் டார்ச்சை அணைத்தார். "உறுதியா சொல்ல முடியாதுங்க. பிரேக் அடிச்ச தடத்த வச்சுப் பார்த்தா மோதுறப்ப வேகம் நல்லாவே கொறஞ்சிருக்கு. காரு மூஞ்சியெல்லாம் நொறுங்கிப் போயிருக்கும். பாக்கவே பயங்கரமா இருந்திருக்கும். ஆளு எலும்பு முறிவோட வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்பு இருந்துச்சு."

அன்று சாயங்காலம் நான் அந்தத் தூணைப் பார்க்கப் போனேன். பெயர்ப் பலகை அதே இடத்தில் ஊர்களைக் காட்டிக்கொண்டு நின்றது. தூணில் என் கூண்டு இடித்த இடத்தில் ஒரு பள்ளம். அதற்கு மேலே பானட்டின் ஓரம் உரசிய இடத்தில் தூணின் பூச்சு கீறிப் போய், அலுமினியம் வெள்ளையாக அப்பியிருந்தது. மெல்லிசு என்று எல்லோரும் இளக்காரம் செய்த அந்தத் தகடு தன்னால் முடிந்த மட்டும் கிழிந்து, மடிந்து, தேய்ந்து உன்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது. அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்ற என் இரும்புதான் விடவில்லை.

என் வெல்டிங் ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணே. ஒரு விரிசல் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

அரசாங்கச் சட்டப்படி இப்படிக் கூண்டு மாட்டக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். கேட்கிறவர்களிடம், "யாரும் கண்டுக்க மாட்டாங்கண்ணே" என்று சொல்லித்தான் மாட்டிவிடுவேன். மீசையும் கூண்டும் ஒரே காரணத்துக்காக வைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். நடந்து போகிறவன் காலை உடைக்கும் என்று தெரிந்தும், எதிரே வருகிறவன் ஒதுங்கிப் போவான் என்ற பெருமைக்காக மாட்டுகிறவர்கள். அவர்களை உள்ளுக்குள் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே செய்து கொடுத்தேன். அந்த இளக்காரத்தில் கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன்? மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் பெரியப்பா சொன்னார், முப்பதாம் நாள் சொன்னார், போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார். மதினி ஆசைப்பட்ட கார், மதினி ஆசைப்பட்ட கார். வாட்ஸப்பில் யாரோ ஒருவன் நொறுங்கிய காரின் படத்தைப் போட்டு 'அன்றைய இரும்பும் இன்றைய தகரமும்' என்று எழுதியதைக் குடும்பக் குழுவில் போட்டார். அதற்குக் கும்பிடு பொம்மை போட்டவர்களின் பெயர்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் கும்பிடு போடவில்லை. அதையே ஒரு வீரமாக நினைத்துக்கொண்டேன். கோழைக்கு எவ்வளவு சின்ன வீரம் போதுமாக இருக்கிறது பார்.

யாழினி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் கல்லூரிப் பேருந்துக்குப் போகும்போது "வாரேன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாளாம். மதினி என்னிடம் இதைப் புகாராகச் சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மூன்றாம் மாதக் கடைசியில் பெரியப்பா தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒத்தக்கடைக்கு வந்தார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். தட்டில் பத்திரிகையை வைத்தார். அதை எடுத்துக்கொள்ள மதினி கையை நீட்டியபோது சொன்னார்:

"நீ மண்டபத்துக்கு வரணும்னு இல்லத்தா. யாழினிய மட்டும் அனுப்பு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீ ஆசப்பட்டது இப்புடி முடிஞ்சிருச்சு, யாரு என்ன செய்ய?"

மதினியின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. யாழினி கதவருகே நின்று அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்கக் கூடாது, அண்ணே. உன் மகளின் கண்ணில் பெரியப்பாவின் முகம் இருந்தது.

"கூண்டு நான் போட்டது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கே என் குரல் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சர்வேயர் அம்மா காட்டிய பெட்டியைப் பற்றி, அது மடியாமல் நின்றதைப் பற்றி, அதை மடிய விடாமல் செய்த போல்ட்டுகளைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றி, யாழினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "காரு ஒங்க அப்பாவக் கொல்லல பாப்பா. அம்மா ஆசப்பட்டதும் கொல்லல. நான் போட்ட இரும்புதான்."

யாழினி கதவை விட்டு என் முன்னால் வந்து நின்றாள். பிறகு, "கூண்டு ஆபத்துன்னு அப்பாவுக்குத் தெரியுமா சித்தப்பா?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டார்.

"தெரியும். சர்வீசுக்கு விட்ட எடத்துல ரெண்டு தடவ சொன்னாங்க, இந்தக் கூண்டக் கழட்டிருங்க சார், ஆபத்துன்னு. நானும் சொன்னேன். தம்பி ஆசையா செஞ்சு குடுத்தது, கழட்டுனா அவன் மனசு சங்கடப்படும், இருக்கட்டும்னுட்டாரு."

நீ இதை எனக்குச் சொல்லவில்லையே, அண்ணே. ஒரு தடவை பட்டறைக்கு வந்து, 'டேய், இத அறுத்துப் போடு' என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அவ்வளவுதானே? என் ஒரு நாள் முகத்துக்கா உன் நெஞ்சைக் கொடுத்தாய்?

"அப்ப ஏன் மதினி இத்தன நாளு சொல்லல? இம்புட்டுப் பேச்சையும் வாங்கிக்கிட்டு?" என்று கேட்டேன்.

மதினி என்னை நேராகப் பார்த்தார். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைத்தெருவில் அழுகிய காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார்களே, அப்படிப் பார்த்தார். மூன்று மாதமாக ஒவ்வொரு தடவை எனக்குச் சோறு போடும்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். நான்தான் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சும்மா இருப்பாரா? "அட, இரும்பு இருந்தே இப்புடி ஆச்சுன்னா, இல்லாட்டி என்னாயிருக்கும்னு யோசிச்சுப் பாரு" என்றார். அவரைத் திருத்த எந்த சர்வேயராலும் ஆகாது. மடியவே தெரியாத சாமான் அது. யாழினி தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அம்மா வரலைன்னா நானும் வரலை தாத்தா" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் நான் அந்த சர்வேயர் அம்மாவின் அலுவலகத்துக்குப் போய், கூண்டைச் செய்தவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அன்னிக்கே உங்க கைய பார்த்தேன். வெல்டிங் பொறி பட்ட தழும்பு" என்றார். ஆக, என் பொய்யை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

பட்டறை நடக்கிறது. கூண்டு செய்வதில்லை. போன வாரம்கூட ஒருவர் புதுக் காரோடு வந்தார். அதில் குழந்தை உட்காரும் சீட்டெல்லாம் பொருத்தியிருந்தார். "அண்ணே, நல்லா வெயிட்டா ஒண்ணு போட்டு விடுங்க, லாரி வந்தாலும் தெறிச்சு ஓடணும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னையும் சொன்னேன். உச்சுக்கொட்டிக் கேட்டார். "பாவம்ணே. அது அவுக நேரம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போனார். சாயங்காலம் கூண்டோடு என் வாசலைக் கடந்து போனார், ஹாரன் அடித்து. அவரை வெறுக்க நினைத்தேன். பின் சீட்டில் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு போனது.

நாலு பேர் மட்டும் திரும்பி வந்து, நான் போட்டதை நானே அறுத்துவிடும்படி கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களை நானே தேடிப் போகிறேன். திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அலைகிறேன். பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

யாழினி கார் ஓட்டப் பழகுகிறாள். நான் சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சித்தப்பா, பயிற்சிப் பள்ளியில சேந்துட்டேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மதினி இப்போதும் போனால் சாப்பிடச் சொல்கிறார். குழம்பு ஊற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது முன்பைவிட நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய். என் மனம் சங்கடப்படக் கூடாது என்று உயிரையே கொடுத்தவன் நீ. அதனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். 'உன் அண்ணன் எப்படிப் போனான்?' என்று என்னிடம் யார் கேட்டாலும், விபத்து என்று சொல்லி நழுவ மாட்டேன். தூணைச் சொல்ல மாட்டேன், கன்றுக்குட்டியைச் சொல்ல மாட்டேன், காரைச் சொல்லவே மாட்டேன். என் பெயரில் தொடங்கும் ஒரு வாக்கியமாகச் சொல்வேன். கேட்கிறவன் போதும் என்று சொல்லும்வரை சொல்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவன்,
பாண்டி